பாக்கெட்டில் இருந்தது

என் கணவருக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் வாயில் வராது. வாசலில் சீப்பு விற்க ஒருவர் வந்தால்கூட ‘பார்க்கலாம்’ என்பார். அதைக் கேட்டபிறகு எந்த வியாபாரியாவது சும்மா போவாரா? எங்கள் வீட்டில் ஏழு சீப்பு இருக்கிறது. வாரிக்கொள்ள அவர் தலையில் அவ்வளவு முடி இல்லை.

சீப்போடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மூன்று வருடத்துக்கு முன் இதே ‘பார்க்கலாம்’ ஒரு பழைய வேனையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. வந்த பத்தொன்பதாம் நாள் அது எங்கள் சலவைக்கடைக்குப் பின்னால் போய் நின்றது. நின்றது நின்றதுதான். இப்போது அதன் பக்கக் கண்ணாடியில் துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையைக் கட்டியிருக்கிறேன். போர்வை காயவைக்க நல்ல வசதி. என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, எப்போது வந்தாலும் பின்பக்கம் எட்டிப்பார்த்து, “தம்பி, உன் கப்பல் எப்ப கெளம்புது?” என்று கேட்பார். எல்லோரும் சிரிப்போம். என் கணவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் இஸ்திரிப்பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்து வைத்த சட்டையை மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிடுவார். அதைக் கவனித்த நாளிலிருந்து நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். நாத்தனார் நிறுத்தவில்லை.

இந்த வருடம் எங்களுக்கு நல்ல காலம். நாற்பது அறை உள்ள ஒரு விடுதியின் படுக்கைவிரிப்பும் துண்டும் எங்கள் கடைக்கு வருவதாக முடிவானது. அடுத்த மாதம் முதல் தினமும் காலையில் மூட்டையை எடுத்து வந்து மாலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பின் சீட்டை மடித்தால் நாலு மூட்டை கொள்கிற மாதிரி ஒரு வண்டி இல்லாமல் நடக்காது. புதிதாக வாங்க வசதி கிடையாது. பழையதுதான்.

“இந்தத் தடவ நானே பாத்து, நானே வாங்குறேன்,” என்றார் அவர். “நீயும் கூட வா. ஆனா வாயத் தொறக்கக் கூடாது.”

“ஒரு வார்த்தகூடவா?”

“ஒரு வார்த்தகூட.”

“தும்மல் வந்தா?”

“தும்மிக்கோ. பேசாத.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கெஞ்சியது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, யார் துணையும் இல்லாமல், ஏமாறாமல், ஒரு பெரிய பொருளை வாங்கிவிட வேண்டும் அவருக்கு. அக்கா வந்து பின்பக்கம் எட்டிப்பார்த்துவிட்டுப் பேச்சில்லாமல் போக வேண்டும். எனக்குப் புரிந்தது. அதனால் சரி என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் ரோஷமும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் இந்த வாய்தானே கடையில் பாக்கிக்காரர்களைச் சமாளித்தது?

இரண்டு வாரம் அவர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தார். துணி போட வந்த மெக்கானிக், டிரைவர் யாரையும் விடவில்லை. கேட்டதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் மேல் வைத்துப்பார். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பூச்சு இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல். சேஸிஸ் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப்பார். இப்படி நாலு பக்கம். கடைசியில் தானே யோசித்து ஒரு வரி எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தார்: ‘எவ்வளவு பிடித்தாலும் அன்றைக்கே பணம் கொடுக்காதே. வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தூங்கு.’

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, துணியைத் தண்ணீரில் போடும் முன் எல்லாப் பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பேனா தப்பினால் ஒரு தொட்டித் துணியும் நீலமாகிவிடும். பதினெட்டு வருடமாகச் செய்து செய்து, பாக்கெட்டைக் கண்டால் என் கை தானாகப் போகும். ஒரு விருந்தில் ஆணியில் தொங்கிய கோட்டு ஒன்றில், பேச்சு சுவாரசியத்தில் கைவிட்டுவிட்டேன். கோட்டுக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டாவது, பாக்கெட்டில் கிடைத்த காகிதத்தைப் படிக்கக் கூடாது. இது என் கணவர் போட்ட சட்டம். காரணம் நான்தான். கல்யாணமான புதிதில் ஒரு வாடிக்கையாளரின் பாக்கெட்டில் ‘என் செல்லமே’ என்று தொடங்கும் கடிதத்தைப் படித்துவிட்டு, அவர் மனைவியிடம் ‘நீங்க எதுக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க’ என்று சொல்லிவைத்தேன். அது விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு அப்பா எழுதியது. அந்தக் குடும்பத்துத் துணி அத்தோடு வேறு கடைக்குப் போனது. அன்று முதல், பாக்கெட்டில் எது கிடைத்தாலும் ஒரு சின்னப் பழுப்புக் கவரில் போட்டு, துணியின் நம்பரை எழுதி, ஹேங்கரில் பின் அடித்து, கொடுக்கும்போது ‘பாக்கெட்டில் இருந்தது’ என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அவர் ஒருநாளும் மீறியதில்லை. என்னை மீற விட்டதுமில்லை.

ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம்.

பழைய கார் விற்கும் இடம் தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு வரிசையில் பத்துப் பன்னிரண்டு கார்கள், எல்லாம் குளித்து முழுகி நின்றன. ஓரத்தில் ஒரு சின்ன ஆபீஸ் அறை. வாசலில் மிதித்தால் திறக்கும் குப்பைத்தொட்டி. உள்ளேயிருந்து வெள்ளைச்சட்டை போட்ட ஒருவர் வந்தார். அவர்தான் முதலாளி, அவர்தான் விற்பனையாளர். நான் ஆளைக் காலரைப் பார்த்து எடைபோடுகிறவள். வெளியில் மொடமொடவென்று கஞ்சி. உள்ளே கழுத்து படும் இடத்தில் பழைய அழுக்குக் கோடு அப்படியே இருந்தது. மேலாகத் தேய்த்து வாங்குகிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

“வாங்க சார், வாங்க மேடம். எந்த மாதிரி வண்டி பாக்குறீங்க?”

“நாங்க சலவைக்கடை வச்சிருக்கோங்க. அடுத்த மாசத்துக்குள்ள எப்படியும் வேணும். இல்லன்னா ஒரு பெரிய வேல கைவிட்டுப் போயிரும்,” என்றார் என் கணவர்.

எனக்கு நாக்கு நமநமத்தது. நம் அவசரத்தை முதல் வாக்கியத்திலேயே எதிராளியிடம் சொல்கிற ஆளை என்ன செய்வது? நாலு பக்க நோட்டில் அது ஒன்றுதான் இல்லை.

“அப்ப கவலய விடுங்க. உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு,” என்று ஒரு சாம்பல் நிறக் காரின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். “ஒரே ஓனர். டாக்டர். வீடு, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, வீடு. வேற எங்கயும் போனதில்ல. நாப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. பாருங்கண்ணே.”

ஐந்து நிமிடத்தில் சார் அண்ணன் ஆகிவிட்டார். எதிரில் இருப்பவர் உறவு கொண்டாட ஆரம்பித்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. வாய்தான் இல்லை.

என் கணவர் நோட்டைப் பிரித்தார். காந்தத்தை நாலு கதவிலும் வைத்தார், ஒட்டியது. டயரைத் தடவினார். சேஸிஸ் நம்பரை முட்டிபோட்டுப் படித்து, நோட்டில் எழுதி, பேப்பரோடு ஒத்துப்பார்த்தார், சரியாக இருந்தது. பானட்டில் கைவைத்தவர், “எஞ்சின் சூடா இருக்கே?” என்றார்.

“உங்களுக்காகத்தாண்ணே! வந்ததும் காத்திருக்க வேணாமேன்னு ஓட்டிச் சூடு பண்ணி வச்சேன்.”

“அப்படியா? ரொம்ப தேங்க்ஸ்ங்க,” என்று இவர் அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் அடித்தார்.

நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மூக்கைத் துளைத்தது வாசனை. கண்ணாடியில் ஒன்று, ஏசி ஓட்டையில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று வாசனை டப்பா. டாக்டர் ஓட்டிய காருக்கு எதற்கு மூன்று? மூன்றுக்கும் அடியில் வேறொரு வாடை, ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி நாலு நாள் மறந்துவிட்டால் வருமே, அது. எனக்குச் சந்தேகமே இல்லை. முன்னால் எட்டிப்பார்த்தால், நாற்பதாயிரம் ஓடிய வண்டியின் பிரேக் மிதியில் புத்தம்புது ரப்பர். தேயாத ரப்பரை யார் மாற்றுவார்கள்? ஒரு கனைப்பு கனைத்திருக்கலாம். ‘பேசாதேன்னு சொன்னார்ல, படட்டும்’ என்று வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாய் சும்மா இருந்தது, கை இருக்கவில்லை. முன் சீட்டின் முதுகில் ஒரு பாக்கெட் இருந்தது. கை போய்விட்டது. முதலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஓரத்தில் உள்துணி கிழிந்திருந்தது. கோட்டுகளில் சாமான் ஒளிந்துகொள்வது இந்த மாதிரிக் கிழிசலில்தான். இரண்டு விரலை உள்ளே விட்டேன். ஒரு உடைந்த மஞ்சள் கிரேயான், அதை ஒட்டி நாலாக மடித்த ஒரு காகிதம்.

அறிவுள்ள யாரும் அப்போது என்ன செய்வார்கள்? பிரித்துப் பார்ப்பார்கள். நான் பதினெட்டு வருடப் பழக்கத்தில் காரைவிட்டு இறங்கி, வெள்ளைச்சட்டைக்காரரிடம் இரண்டையும் நீட்டி, “பாக்கெட்டில் இருந்தது,” என்றேன்.

அவர் காகிதத்தைப் பாதி பிரித்தார். ஒரு நொடி முகத்தில் ஈயாடவில்லை. உடனே சிரித்து, “பழைய குப்பை அண்ணி,” என்று கிரேயானைக் குப்பைத்தொட்டியில் போட்டார். காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். குப்பை என்றால் அது ஏன் தொட்டிக்குப் போகவில்லை? கேட்க வாய் இல்லை.

இதற்குள் என் கணவர் நோட்டின் மூன்றாம் பக்கத்துக்கு வந்திருந்தார். பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். “பாருங்கண்ணே, தேன் மாதிரி இருக்கும்,” என்று வெள்ளைச்சட்டைக்காரர் குனிந்தார். இவர் கம்பியை ஆர்வத்தோடு உதறினார். அந்த வெள்ளைச்சட்டையில் கழுத்திலிருந்து வயிறுவரை கருப்புக் கோலம்.

வெள்ளைச்சட்டைக்காரர் கைக்குட்டையை எடுத்துத் தேய்க்கப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை. “தேய்க்காதீங்க!” என்று கத்தினேன். இரண்டு ஆண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். “தேய்ச்சா உள்ள எறங்கிரும். கழட்டிக் குடுங்க. நாளைக்குக் காலைல புதுசா தரேன். காசு வேணாம்.”

கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கறை விஷயம் வேறு, வண்டி விஷயம் வேறு என்று நானும் ஒரு பார்வை பார்த்தேன்.

ஓசி என்றதும் வெள்ளைச்சட்டைக்காரருக்குச் சண்டை போட மனம் வரவில்லை. ஆபீஸ் அறைக்குள் போய் வேறு சட்டை மாட்டிக்கொண்டு, பேனாவையும் போனையும் எடுத்துக்கொண்டு, கறைச்சட்டையை என்னிடம் கொடுத்தார். பிறகு என் கணவரின் தோளில் கைபோட்டார். “அண்ணே, உங்ககிட்ட மறைக்க விரும்பல. நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு பார்ட்டி பணத்தோட வருது. நீங்க இப்ப அட்வான்ஸ் குடுத்தா வண்டி உங்களுக்கு. நம்ம பழக்கத்துக்காகச் சொல்றேன்.”

பழக்கம் அப்போது முக்கால் மணி நேரப் பழக்கம். என் கணவரின் கை பைக்குள் போனது. கை வெளியே வந்தபோது அதில் அந்தக் குறிப்பு நோட்டுதான் இருந்தது. கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்த்தார். “நாளைக்கு ஒம்பது மணிக்கே வந்துர்றோங்க,” என்றார்.

கடைக்கு வந்ததும் வேலையைத் தொடங்கினேன். கறையில் முதலில் மாவு தூவி எண்ணெயை இழுக்க வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் பாக்கெட். கை போனது. நாலாக மடித்த அதே காகிதம், அடியில் படிந்துபோய் அங்கேயே இருந்தது. அவசரத்தில் பேனாவை எடுத்தவர் இதை விட்டுவிட்டார்.

“என்னங்க,” என்று கூப்பிட்டேன். “இது அந்தக் கார்ல இருந்த காகிதம். படிக்கப் போறேன்.”

“படிக்கக் கூடாது.”

“இதப் பாத்ததும் அந்தாளு முகம் போன போக்க நீங்க பாக்கல!”

“யாரோட பாக்கெட்டா இருந்தாலும் சட்டம் சட்டம்தான். கவர்ல போட்டு நம்பர் எழுது.”

ஏமாற்றுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் கொண்டாட்டம்தானே? எனக்கு வந்த கோபத்தில் அந்த இஸ்திரிப்பெட்டிக்குக் கரண்டே தேவைப்பட்டிருக்காது. கவரை எடுத்தேன். எடுத்தவள் நின்றேன்.

“சட்டைக்காரருக்கா இது சொந்தம்? நான் எடுத்தது காரோட பாக்கெட்ல. நாந்தான் தப்பான ஆள்கிட்டக் குடுத்துட்டேன். சொந்தக்காரங்களுக்குத்தான குடுக்கணும்? அதுவும் சட்டம்தான?”

அவர் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தார். “சொந்தக்காரங்க யாரு?”

“பேரப் பாத்தாத்தான தெரியும்?”

சந்தேகம் வந்தால் பேர் மட்டும் பார்க்கலாம் என்பது சட்டத்தில் ஏற்கெனவே உள்ள சலுகை. அவர் காகிதத்தை மேசையில் வைத்து, மேல் இரண்டு வரியை மட்டும் விட்டு மிச்சத்தைத் துண்டால் மூடினார். ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பின் சீட்டு அது. மேலே ஒரு பெண்ணின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. டாக்டர் என்று எங்கும் இல்லை.

ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார். “வணக்கங்க. சலவைக்கடையிலருந்து பேசுறோம். உங்க காகிதம் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. ஒரு சாம்பல் நிறக் கார்ல கெடச்சுது.”

“அந்தக் காரா!” என்றது ஒரு பெண் குரல். “அது இன்னும் உயிரோட இருக்கா? நான் ஸ்கூல்ல டிராயிங் டீச்சர்ங்க. எட்டு வருஷம் ஓட்டினேன். போன மழைல எங்க கட்டடத்து அடித்தளத்துல தண்ணி ஏறி, மூணு நாள் ஸ்டியரிங் வரைக்கும் முங்கிக் கெடந்துச்சு. இதுக்குச் செலவு பண்றது வீண்னு ஒர்க்‌ஷாப்ல எழுதியே குடுத்துட்டாங்க. பாகம் பாகமா பிரிச்சு விக்கப்போறேன்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். வெள்ளைச்சட்ட போட்டிருந்தார்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அந்தக் காகிதத்த நாங்க படிக்கலாங்களா?” என்று கேட்டார் என் கணவர். அந்த நிலையிலும் அனுமதி கேட்ட மனிதரை நான் என்ன சொல்வேன்?

“சத்தமா படிங்க! எத்தன பேருக்கு வேணும்னாலும் காட்டுங்க. ஆமா, ஒரு மஞ்சக் கிரேயான் இருந்துச்சா? ரொம்ப நாளாத் தேடுறேன்.”

துண்டை விலக்கினார். சேஸிஸ் நம்பர் நோட்டில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. ஓடிய தூரம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். கீழே சிவப்பு மையில் ‘எஞ்சினிலும் வயரிங்கிலும் தண்ணீர். சாலையில் ஓட்டத் தகுதியில்லை’ என்று எழுதியிருந்தது.

போனை வைத்ததும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “நாலு பக்கம் எழுதிட்டுப் போனேன். மறுபடியும் ஏமாற இருந்தேன் பாரு. அக்கா சொல்றது சரிதான். நான் எதுக்கும் லாயக்கில்ல.”

ஜெயித்துவிட்டேன் என்ற குதூகலம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது. “எனக்கு அங்கயே வாடை தெரிஞ்சுது. வீம்புக்குச் சொல்லாம இருந்துட்டேன்,” என்றேன். “ஆனா நீங்க ஏமாறலயே? பணம் நம்ம பையிலதான இருக்கு? அந்தக் கடைசி வரிய எழுதினது யாரு? அது இல்லன்னா வண்டி இந்நேரம் கப்பலுக்குப் பக்கத்துல நின்னுருக்கும். ஆயில ஊத்தினதும் நீங்கதான்.”

“அது தெரியாம ஊத்தினது.”

“இருக்கட்டும். நாளைக்கு நான் போய் அந்தாள நாலு கேள்வி கேட்டு, தோச்சுக் காயப்போட்டுட்டு வரேன்.”

“வேண்டாம்,” என்றார்.

நான் அசந்துபோனேன். அந்தச் சொல் அவர் வாயில் வந்ததை அப்போது அவரே கவனிக்கவில்லை.

“நானே போறேன். நீ கூட வா. வாயத் தொறக்காத.”

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனோம். சட்டை பால் மாதிரி இருந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். உள்காலரின் அழுக்குக் கோட்டையும் எடுத்திருந்தேன். ஹேங்கரில் பழுப்புக் கவர். அந்தச் சாம்பல் நிறக் காருக்குப் பக்கத்தில் ஒரு வயதானவரும், நர்ஸ் உடுப்பில் அவர் மகளும் நின்றிருந்தார்கள். பத்து மணிப் பார்ட்டி முன்னாலேயே வந்துவிட்டது. மகள் ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அப்பாவிடம் சிரித்தாள்.

“வாங்கண்ணே! ஒங்களுக்காகத்தான் இவங்கள நிறுத்தி வச்சிருக்கேன்,” என்றார் வெள்ளைச்சட்டைக்காரர்.

என் கணவர் சட்டையை நீட்டினார். “பாக்கெட்டில் இருந்தது,” என்று கவரைத் தொட்டுக் காட்டினார்.

கவரைப் பிரித்தவர் சட்டையைவிட வெளுத்துப்போனார். உள்ளே சீட்டின் நகல்தான் இருந்தது. அசல் டீச்சருக்குப் போக வேண்டியது, எங்கள் கல்லாப்பெட்டியில் பத்திரமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, “அண்ணே, இது வேற வண்டியோடது,” என்றார்.

“சேஸிஸ் நம்பர் ஒண்ணுதாங்க. நோட்டுல இருக்கு.”

“சரி விடுங்கண்ணே. பாதி விலைக்கு எடுத்துக்கங்க. மூட்ட ஏத்தத்தான? பாதியிலயும் பாதி. என்ன சொல்றீங்க?”

என் கணவரின் ‘பார்க்கலாம்’ புறப்பட்டு உதடுவரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் அந்த நர்ஸ் பெண்ணைப் பார்த்தார்.

“வேண்டாம்,” என்றார். குரல் நடுங்கியது. அதனால் இன்னொரு தடவையும் சொன்னார், “எனக்கு இந்த வண்டி வேண்டாங்க.” இரண்டாவது தடவை நடுங்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். “இப்ப நீ பேசலாம்.”

ஆஹா! இரண்டு நாள் தேக்கி வைத்தது. நேராகப் போய்க் காரின் முன்கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைப் பிடித்து முழு நீளத்துக்கும் உருவினேன். மேல்பாதி பளிச்சென்று இருந்தது. உள்ளே சுருண்டிருந்த பாதியில், நேர்க்கோடாக ஒரு பழுப்புக் கறை.

“இங்க பாரும்மா,” என்றேன் அந்தப் பெண்ணிடம். “டீ கொட்டினா கறை திட்டுத்திட்டா இருக்கும். கோடு போட்ட மாதிரி இருந்தா, தண்ணி வந்து நின்னுட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். நான் சலவைக்காரி, எங்கிட்டச் சொல்ல வேணாம். மூணு வாசனை டப்பாவையும் வெளிய எடுத்துட்டுக் கதவச் சாத்தி அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்து பாரு. பிரேக் ரப்பரப் பாரு. வரும்போதே எஞ்சின் சூடா இருந்துச்சா? உங்களுக்காகச் சூடு பண்ணி வச்சேன்னு சொன்னாரா?”

“ஆமா, அதேதான் சொன்னார்!” என்றார் அப்பா.

“இந்தக் காருக்கு டாக்டரும் கெடையாது, ஆஸ்பத்திரியும் கெடையாது. டிராயிங் டீச்சர்தான். வேணும்னா போன் நம்பர் தரேன், நீங்களே கேளுங்க. எந்த வண்டி வாங்கினாலும் நம்ம மெக்கானிக்க கையோட கூட்டிட்டு வரணும். நாளைக்குக் கெடைக்காதுன்னு எவன் சொன்னாலும் வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வரணும். இது எங்க வீட்டுக்காரர் நோட்டுல எழுதி வச்சது.”

மூச்சு வாங்க நிறுத்தியபோது அப்பாவும் மகளும் வாசலைத் தாண்டியிருந்தார்கள். அந்தப் பெண் திரும்பி ஓடிவந்து என் கணவரின் கையைப் பிடித்து, “ரொம்ப தேங்க்ஸ் சார்,” என்றாள். வெள்ளைச்சட்டைக்காரர் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மாதம் பிறந்து முதல் பத்து நாள் வாடகை வண்டியில் மூட்டை ஏற்றினோம். இடுப்பு ஒடிந்தது. அதற்குள் ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் தன் வேனை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். “கதவு ஒண்ணு ஒழுங்கா சாத்தாது, ஹாரன் நெனச்சாத்தான் அடிக்கும், மேட்டுல கொஞ்சம் மூச்சு வாங்கும்,” என்று அவரே வரிசையாகச் சொன்னார். என் கணவர் மெக்கானிக்கோடு போய், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பெல்ட்டையெல்லாம் உருவி, அவர் சொல்லாத நாலாவது குறை ஒன்றையும் கண்டுபிடித்தார். பிறகு வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தூங்கினார். அந்த வேனில் இப்போதும் ரொட்டி வாசம் அடிக்கிறது. விடுதித் துண்டுகளில் அது ஏறாமல் இருக்க நான் படும் பாடு தனிக்கதை.

வெள்ளைச்சட்டைக்காரர் எங்களுக்கு வாடிக்கையாளராகிவிட்டார் என்றால் நம்புவீர்களா? கறை போன விதம் அவரால் மறக்க முடியவில்லை போலிருக்கிறது. வாரம் ஆறு சட்டை வருகிறது. எல்லாச் சட்டையிலும் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். வழக்கம்போலப் பின்பக்கம் எட்டிப்பார்த்தார். கொடி கட்டிய கப்பலுக்குப் பக்கத்தில் ரொட்டி வேன் நின்றிருந்தது. சுற்றி வந்தார். கதவைச் சாத்திப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். “ஓடுதே!” என்றார். பிறகு, என் கணவர் காதில் விழுகிற மாதிரியே என்னைக் கேட்டார், “யாரு பாத்து வாங்கினது? நீயா?”

உள்ளே இஸ்திரிப்பெட்டியின் சத்தம் நின்றுவிட்டது.

பாக்கெட், காகிதம், வாடை, பெல்ட் என்று எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. “உங்க தம்பிதான்,” என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.